விடைத்தாளின் ஓரத்தில்

1980களின் கடைசியில் எங்கள் தெருத் தபால்காரர் சுமந்துவந்த கட்டுகளில் பாதி, படிப்புக் கட்டுகள்தான். மேற்கு மாம்பலத்தில் ஆரிய கவுடா சாலைக்கும் லேக் வியூ சாலைக்கும் நடுவே எந்த ஒண்டுக்குடித்தனத்துக்குள் நுழைந்தாலும் சி.ஏ. படிக்கிற ஒருவராவது இருப்பார். பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் மாணவர்களுக்குக் கல்லூரி என்று ஒன்று கிடையாது. பகலில் ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப், பாடம் தபாலில், பரீட்சை மட்டும் மண்டபத்தில். ஐ.சி.டபிள்யூ.ஏ.வும் கம்பெனி செக்ரட்டரி படிப்பும் அதே மாதிரிதான். எங்கள் பேட்டையில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் முதலில் விசாரித்த படிப்பெல்லாம் தபாலில் வந்த படிப்பு. ஆனால் அதே வீட்டில் ஒரு பெண் பி.ஏ.வைத் தபாலில் படிக்கிறாள் என்றால், "ஓ, கரஸ்ஸா?" என்று கேட்பவர் குரல் இறங்கிவிடும்.

அந்தக் குரல் இறக்கம் அன்றைக்கு என்னை உறுத்தியது. இன்றைக்கும் யாராவது அப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் 1988இல் பிளஸ் டூ முடித்தேன். அப்பா உஸ்மான் சாலையில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். எனக்குப் பின்னால் தம்பியும் தங்கையும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். கல்லூரி என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்ததால் தி. நகரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் பில் அடிக்கும் வேலை கிடைத்தது. காலையில் மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி ரங்கநாதன் தெருவில் இறங்குவேன். மழைக்காலத்தில் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் மேற்கு மாம்பலம் முழுவதும் அந்த மேம்பாலத்தில்தான் இருக்கும். முதல் சம்பளம் வந்து வீட்டுச் செலவு கொஞ்சம் நேரான பிறகுதான் மேலே படிக்கலாம் என்ற எண்ணமே எனக்குத் துணிந்து வந்தது.

வீட்டுக்கார மாமிக்கு அதில் இரண்டாவது யோசனை கிடையாது. "பி.காம். பண்ணுடி. நீ ஆபீஸ்ல பில்தானே போடறே, கைக்கு உதவும். ஹிஸ்டரி படிச்சா யார் வேலை குடுப்பா?" என்றார். மாமி சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பாவும் அதையேதான் நினைத்தார், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு வரலாற்றின்மேல் ஆசை வந்ததற்கு அவரே காரணம் என்று அவருக்குத் தெரியாது. கடையில் பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்குவார்கள். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, கூஜா, சொம்பு. அவற்றில் பேர் வெட்டியிருக்கும், சிலவற்றில் ஊரும் வருஷமும்கூட. ராத்திரி சாப்பிடும்போது அன்றைக்கு வந்த பேர்களை அப்பா ஒவ்வொன்றாகச் சொல்வார். மாயவரத்து ஆள் ஒருவர் வாங்கிய கூஜா எப்படி எங்கள் பக்கம் வந்தது, ஒரே பேர் வெட்டிய பாத்திரங்கள் ஏன் ஒரே நாளில் மொத்தமாக எடைக்கு வந்தன என்று நான் கேட்பேன். "அந்த வீட்டுல என்ன கஷ்டமோ" என்று சொல்லி அவர் கையலம்பப் போய்விடுவார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

எதில் சேர்வது என்பது அடுத்த பிரச்சினை. வழிகள் அப்போதே நிறைய இருந்தன. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் தொடங்கியது, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. அதை எல்லோரும் இக்னோ என்றார்கள். 1987இல் அது முதல் வகுப்பைத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 4,528 பேர். எங்கள் தெருவில் அதன் பேரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. விண்ணப்பப் புத்தகங்களைப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கட்டணமும் கடைசித் தேதியும் இருந்தன. எப்படிப் பாடம் சொல்லித் தருவார்கள் என்று எதிலும் தெரியவில்லை.

அதனால் பாடங்களையே கடன் கேட்டேன். எந்தத் தெருவில் யார் எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களுடைய பழைய பாடப் புத்தகங்களை வாங்கிவந்து கூடத்தில் பரப்பினேன். தையல் கற்றுக்கொடுத்த ஒரு அக்கா, ரயில்வேயில் கிளார்க்காக இருந்த ஒருவர், கல்யாணமான பிறகு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் கொடுத்தார்கள். சில பாடங்கள் வகுப்பில் ஒருவர் நின்று பேசுவதை அப்படியே எழுதிவைத்த மாதிரி இருந்தன. விஷயம் ஒழுங்காக இருந்தது, நல்ல பேராசிரியர்கள் எழுதியவைதான். ஆனால் இருபது பக்கம் படித்து முடித்தபின் மனதில் எது நின்றது, எது நழுவியது என்று எனக்கே தெரியவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் எழுந்து ஒரு சந்தேகம் கேட்பாள், அது நமக்கும் தெரியாது என்று அப்போதுதான் தெரியும். வீட்டுக் கூடத்தில் அந்தப் பக்கத்து இருக்கை இல்லை.

இக்னோ பாடம் ஒன்று ரயில்வேக்காரர் வீட்டிலிருந்து கிடைத்தது. ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும், இதைப் படித்து முடித்தால் உன்னால் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்று எழுதியிருந்தது. நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை கேள்வி. கேள்விக்குக் கீழே விடை எழுதக் கோடு போட்ட வெற்றிடம். அலகின் கடைசியில் விடைக் குறிப்பு. அந்தப் புத்தகத்தில் வெற்றிடமெல்லாம் பென்சிலால் நிரம்பியிருந்தது. சில இடங்களில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார். அறிமுகமே இல்லாத ஒருவர் யோசித்த தடத்தைப் பார்க்கிறோம் என்று தோன்றியது. இந்தப் புத்தகம் என்னைக் கேட்கும் என்று அன்றைக்கே முடிவுசெய்தேன். தமிழில் படிக்க முடியாதே என்ற கவலை பெரிதாகத்தான் இருந்தது. பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்தவள் நான், அவர்கள் பாடமோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தி. நகரிலேயே அச்சான லிஃப்கோ அகராதியை நம்பி 1990இல் பி.ஏ.வில் சேர்ந்தேன்.

பட்டத்துக்கு 96 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது முப்பது மணி நேரப் படிப்பு என்று அவர்களே அச்சிட்டிருந்தார்கள். கணக்குப் போட்டேன்: மொத்தம் 2,880 மணி நேரம், மூன்று வருஷத்தில் முடிப்பதென்றால் வருஷத்துக்கு 960. ஒரு நாள் விடாமல் தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். வேலைக்குப் போய், வீட்டில் பாதிச் சமையல் செய்கிற பெண்ணுக்கு அது நடக்காத காரியம். ஆனால் ஆறு வருஷம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. படிப்பில் சேருகிறவர்களிடம் நான் இன்றும் முதலில் இந்தக் கணக்கைத்தான் போடச் சொல்கிறேன். பாடம் கடினமென்று நடுவில் விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நேரத்தைக் கணக்குப் போடாமல் சேர்ந்து, முதல் வருஷமே பின்தங்கி, வெட்கப்பட்டுக் கட்டைப் பரணில் ஏற்றியவர்கள்தான் நிறையப் பேர்.

என் நேரம் விடியற்காலை. நாலு மணிக்கு அடிபம்பில் முறை வைத்துத் தண்ணீர் அடிப்பார்கள். எங்கள் முறை முடிந்ததும் கொசுவர்த்தியைக் காலடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்காருவேன். சாயங்காலத்தில் முடியாது. அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் நடக்கிற நாட்களில் ஒலிபெருக்கி எங்கள் வீட்டுக்குள் வரும், தம்பி தங்கை படிப்பு வேறு. வரலாறு எடுத்த எனக்கும் விஞ்ஞான அடிப்படைப் பாடம் கட்டாயமாக இருந்தது. முதலில் மலைத்தேன். பிறகு பிரபஞ்சம் எப்படி உண்டானது, மண் எப்படிக் கெட்டுப்போகிறது என்று ஒரு பில் கிளார்க் தினமும் காலையில் படிப்பதற்கு ஏற்பாடு செய்தவர்களை மனதார வாழ்த்தினேன்.

பக்கத்துப் போர்ஷனில் சி.ஏ. இன்டர் எழுதிக்கொண்டிருந்த அண்ணா ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து கற்றது அதிகம். புத்தகத்தைப் படித்துக்கொண்டே "புரிஞ்சிடுச்சு" என்று நான் சொன்னால் விடமாட்டார். "மூடி வெச்சுட்டு எழுதிக் காட்டு. எழுதி முடிச்சப்புறம்தான் தெரியும், புரிஞ்சுதா இல்லையான்னு" என்பார். அவர்கள் கூட்டமாகப் படிக்கும் விதத்தை மொட்டை மாடியில் பார்த்திருக்கிறேன். பழைய கேள்வித்தாளை நடுவில் வைத்து, நேரம் குறித்து, தனித்தனியே எழுதி, பிறகு ஒருவர் விடையை இன்னொருவர் கிழிப்பார். தனியாகப் படிக்கிறோம் என்று சொல்லிக்கொண்ட அந்தப் பையன்கள் யாரும் உண்மையில் தனியாகப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் 1857 பற்றி நான் அவருக்குப் பாடம் நடத்துவேன். சிப்பாய்கள் ஏன் டெல்லிக்குப் போனார்கள், நம்ம மெட்ராஸ் பட்டாளம் ஏன் அசையவில்லை என்று கேட்டே என்னைத் திணறடிப்பார். தெரியாததைக் குறித்துக்கொண்டு மறுவாரம் வந்து பதில் சொல்வேன்.

அப்பா மு.வ.வின் நாவல்களை ஒன்றுவிடாமல் படித்தவர். நான் சேர்ந்ததும் மு.வ.வைத்தான் சொன்னார்: திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து, உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டு, தாமே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாக வந்தவர். கல்லூரிக்குப் போகாமல் தேறிய அவர் 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு டாக்டர் பட்டம் பெற்றார், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அப்பா சொன்னதில் விட்டுப்போன ஒன்றைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். திருப்பத்தூரில் முருகைய முதலியார் என்ற ஆசிரியரிடம் மு.வ. தமிழ் கேட்டிருக்கிறார். அவர் பேரை யாரும் அதிகம் நினைப்பதில்லை. எனக்கு அந்தப் பேர் முக்கியமாகப் பட்டது.

ஏனென்றால் எனக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார், முகமே தெரியாமல். ஒவ்வொரு பாடத்துக்கும் அசைன்மென்ட் எழுதி அனுப்ப வேண்டும், மொத்த மதிப்பெண்ணில் முப்பது சதவீதம் அதற்கு. வெள்ளைக்காரன் காலத்துப் பொருளாதாரம் பற்றிய ஒரு கேள்விக்கு நான் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் வந்த பெரும் பஞ்சத்தை எடுத்துக்கொண்டு எழுதினேன். மழை பொய்த்தது, விளைச்சல் போனது, லட்சக்கணக்கில் செத்தார்கள் என்று நன்றாகவே எழுதியிருந்தேன். தாள் திரும்பி வந்தபோது மதிப்பெண் நன்றாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், சிறிய எழுத்தில் ஒரு கேள்வி: தானியம் இல்லாமல் செத்தார்களா, தானியம் வாங்கக் காசில்லாமல் செத்தார்களா?

அதற்குப் பதில் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த அசைன்மென்ட் முடிந்த கதை. ஆனால் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. விடுமுறை நாளில் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். 1896இல் திறந்த நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகமெல்லாம் அங்கே ஒரு பிரதி வர வேண்டும். நூலகர் ஒருவரிடம் பஞ்சம் என்று சொன்னதும் எந்தப் பஞ்சம் என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதித் தைரியம் வந்துவிட்டது.

அப்படித்தான் வில்லியம் டிக்பியின் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தேன். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்தவர். பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து, அது முடிந்த சூட்டோடு 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதியிருக்கிறார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். கப்பல்களில் சென்னைக் கடற்கரைக்கு அரிசி வந்து இறங்கியிருக்கிறது. ரயில் அதை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்றிருக்கிறது. விலை மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, பயிர் போனதால் வேலையும் கூலியும் இல்லாதவர்கள் அதன் அருகில் போக முடியவில்லை. வைஸ்ராய் லிட்டன் 1877இல் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்புகிறார். செலவைக் குறைப்பது டெம்பிளின் வேலை. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்குகிற அளவும், அதற்குமேல் கொஞ்சம் காசும்தான் கூலி என்று நிர்ணயிக்கிறார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று எதிர்த்து எழுதுகிறார். அதிகாரிகள் இருவர் ஒரு கூலிக்காரன் வயிற்றைப் பற்றிக் காகிதத்தில் வாதாடியதைப் படித்தபோது என் கை நடுங்கியது.

அந்தக் கூலிக்கு வெட்டிய வேலைகளில் ஒன்று பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவிலுள்ள பகுதியை அந்தப் பஞ்ச வருஷங்களில்தான் வெட்டி இணைத்தார்கள், அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பேரை வைத்தார்கள். நான் டிக்பியைப் படித்துக்கொண்டிருந்த வருஷங்களில் அதே கால்வாயை ஒட்டிப் பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடத் தொடங்கியது. மயிலாப்பூரில் அந்தக் கால்வாயைத் தாண்டிப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அது எந்தக் கைகளால் வெட்டப்பட்டது என்று ஒரு கல்லிலாவது எழுதிவைத்திருக்க வேண்டும் என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட பஞ்சங்களைப் பற்றிய புத்தகம் அதற்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது. ஓரத்தில் இருந்த கேள்வி எங்கிருந்து முளைத்தது என்று அப்போது புரிந்தது. நாலு பக்கத்தில் என் பதிலை எழுதி, அந்த மதிப்பீட்டாளருக்குச் சேர்த்துவிடும்படி இக்னோவின் பயிற்சி மையத்தில் கொடுத்தேன். சில வாரம் கழித்து அதே நாலு பக்கம் திரும்பி வந்தது. இந்த முறை சிவப்பு மையில் மூன்று கேள்விகள். அவர் ஆணா பெண்ணா, எந்தக் கல்லூரியில் வேலை பார்த்தார், எதுவும் எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் எனக்குப் பாடம் சொன்னவர்களில் அவரையே முதலில் வைக்கிறேன்.

பட்டம் 1995இல் வந்தது. பிறகு எம்.ஏ.வும் தபாலிலேயே முடித்தேன். வேலை அதே கம்பெனியில் பில்லிங்கிலிருந்து கணக்குக்கு மாறியது, சம்பளம் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான்.

ஆனால் பட்டத்தின் மதிப்பைப் பற்றி எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் பிளஸ் டூவும் டிகிரியும் இல்லாமல் திறந்தவெளி முறையில் நேரே எம்.ஏ. வாங்கினார். அப்போது அது சில இடங்களில் கிடைத்தது, அவரும் நேர்மையாகவே உட்கார்ந்து படித்துத் தேறினார். பதவி உயர்வு நேரத்தில் அந்தப் பட்டம் செல்லாது என்றார்கள். 2009இல் உச்ச நீதிமன்றமும் இளநிலைப் பட்டமில்லாத அப்படிப்பட்ட முதுநிலைப் பட்டம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. 2017இல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் அதே நீதிமன்றத்தில் சிக்கின. அந்த மனிதர்கள் இழந்த வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்? 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு, அங்கீகாரமுள்ள தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று அறிவித்திருக்கிறது. அதில் 'அங்கீகாரமுள்ள' என்ற ஒன்றுதான் உயிர். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி என்று மானியக் குழுவின் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

இப்போது எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகிறாள். அடுத்த ஸ்டேஷன் சைதாப்பேட்டையிலேயே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2002இல் தொடங்கியது. "ஆன்ட்டி, எல்லாரும் பி.காம். போடுன்னு சொல்றாங்க" என்று வந்து நின்றாள். நான் எதுவும் சொல்லாமல், யாரிடமாவது பி.காம். பாடம் ஒன்றும் வேறு ஏதாவது பாடம் ஒன்றும் வாங்கிப் படித்துவிட்டு வா என்று அனுப்பினேன். பத்து நாள் கழித்து வந்தாள். பொருளாதாரம் எடுக்கிறேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். அடுப்புக் கரி விலை ஏறும்போதெல்லாம் துணி ஒன்றுக்கு அப்பா வாங்குகிற கூலி ஏன் அதே அளவு ஏறுவதில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். பட்டியலில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். பிறகு படிப்பு நேரக் கணக்கைப் போட உட்கார்ந்தோம். ஜவுளிக்கடையில் அவளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை, அதனால் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.